முகமூடியும் மோட்டாரும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் இரண்டே கட்டு. இணையத்தில் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டுமா என்பது ஒன்று. எந்தக் கார் நல்ல கார் என்பது இன்னொன்று. முதல் கட்டில் ஒரு வேடிக்கை. "எல்லாரும் உண்மைப் பெயரில்தான் எழுத வேண்டும்" என்று அடித்துச் சொன்னவர்களில் பலர், கடைசி வரியில் "என் பெயரைப் போட வேண்டாம்" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்றவர்கள் கோபிப்பார்கள். அதனால் எல்லோர் பெயரையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அடையாள அட்டையைக் காட்டினால்தான் கணக்குத் திறக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டால் வசவு, வதந்தி எல்லாம் ஒரே நாளில் அடங்கிவிடும். இது ஏன் எந்த அரசுக்கும் தோன்றவில்லை?

தோன்றாமல் என்ன, போட்டே பார்த்துவிட்டார்கள். தென் கொரியாவில் 2007இல் அந்தச் சட்டம் வந்தது. பெரிய தளங்களில் கருத்து எழுத வேண்டுமானால் முதலில் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொடுத்து 'நான் நான்தான்' என்று நிரூபிக்க வேண்டும். தினமும் 3 லட்சம் பேர் வரும் தளங்களுக்கு என்று ஆரம்பித்து, 2009இல் 1 லட்சம் பேர் வரும் தளங்கள் வரை அதை நீட்டினார்கள். வசவு அடங்கியதா? பெயரளவுக்குத்தான். ஆனால் கோடிக்கணக்கானவர்களின் பெயரும் எண்ணும் தளங்களிடம் மலையாகக் குவிந்திருந்த காலம் அது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு என்ற இரண்டு தளங்களுக்குள் புகுந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டு மக்கள்தொகையே அப்போது ஏறத்தாழ 5 கோடி.

2012 ஆகஸ்டில் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம், நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாக, அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லும்படியாகக் குறையவில்லை, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கு மாறிப்போனதுதான் கண்ட பலன் என்று தீர்ப்பிலேயே சொன்னார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஜெர்மனியில் ஒரு பொதுமனுத் தளத்தில் பதிவான 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2016இல் வெளியிட்டார்கள். சொந்தப் பெயரில் எழுதியவர்கள்தான், பெயர் மறைத்தவர்களைவிடக் காட்டமாக எழுதியிருந்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நியாயத்துக்காகக் கத்துகிறேன் என்று மனதார நம்புகிறவன் எதற்கு முகத்தை மூடிக்கொள்ளப் போகிறான்? பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டுதான் கத்துவான்.

கேள்வி: அதெல்லாம் பாமர ஜனங்கள் விஷயம். துறை தெரிந்தவர்கள், படித்தவர்கள் சொந்தப் பெயரில் மோதினால் நாகரிகமாகத்தானே இருக்கும்?

1992 ஜனவரியில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற கணினிப் பேராசிரியர், 'லினக்ஸ் காலாவதியானது' என்று தலைப்புப் போட்டுப் பொதுவில் ஒரு பதிவு எழுதினார். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது 22 வயது மாணவர். பதிலுக்கு எகிறினார். பிறகு தன் தொனிக்கு மன்னிப்பும் கேட்டார். பேராசிரியரும் சும்மா இருக்கவில்லை. "நல்லவேளை நீ என் மாணவன் இல்லை, இந்த வடிவமைப்புக்கு நல்ல மார்க் கிடைத்திருக்காது" என்கிற மட்டுக்கும் போனார். இரண்டு பேரும் சொந்தப் பெயர், இரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள்.

ஆனாலும் அந்தச் சண்டையை இன்றைக்கும் மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியை ஒரே கட்டியாக வைப்பதா, துண்டு துண்டாகப் பிரிப்பதா என்ற கேள்வியை விட்டு இருவரும் அதிகம் நகரவில்லை. காரம் இருந்தது, சரக்கும் இருந்தது. இப்போது காரம் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது.

கேள்வி: கூகுள் பிளஸ் என்று ஒரு சமூக வலைத்தளம் இருந்ததே, அதில் என் நண்பர் ஒருவருடைய கணக்கை 'இது பெயரே இல்லை' என்று முடக்கினார்கள். அப்படி எப்படி ஒரு கம்பெனி முடிவு செய்ய முடியும்?

2011 ஜூனில் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த சில வாரங்களிலேயே, பெயர் மாதிரித் தெரியாத பெயர்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளை முடக்கத் தொடங்கினார்கள். பெரிய கூச்சல் கிளம்பியது. 2014 ஜூலையில் 'எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளுங்கள்' என்று இறங்கி வந்தார்கள். 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான தளத்தையே மூடிவிட்டார்கள்.

கோளாறு எங்கே என்றால், கணக்குத் திறக்கும் படிவத்தைத் தயாரித்தவர் மனதில் இருந்த மனிதரிடம். அவருக்கு ஒரு முதல் பெயர், ஒரு கடைசிப் பெயர், இரண்டும் எழுத்துகளால் மட்டும் ஆனவை, பிறப்பு முதல் இறப்பு வரை மாறாதவை. இந்தோனேசியாவின் அதிபராக முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்தவருக்கு சுகார்த்தோ என்ற ஒற்றைப் பெயர்தான். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோ அம்மா பெயரோதான் பின்னால் வரும். அமெரிக்கப் பழங்குடியினர் பலரின் பரம்பரைப் பெயர்களைப் பார்த்து 'இது பொய்ப் பெயர்' என்று ஃபேஸ்புக் முடக்கியது, பிறகு திறந்துவிட்டது.

இதில் பெரிய கூத்து 2011 நவம்பரில் நடந்தது. எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் கணக்கை ஃபேஸ்புக் முடக்கி, பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னது. காட்டினார். பாஸ்போர்ட்டில் முதலில் இருப்பது அகமது, ஆகவே நீங்கள் அகமது ருஷ்டி என்று மாற்றிவிட்டார்கள். அந்தப் பெயரை அவர் பயன்படுத்தியதே இல்லை. உலகமே அறிந்த பெயர் பொய்யாம், ஊரறியாத பெயர் மெய்யாம்! அவர் ட்விட்டரில் கிண்டலடித்ததும் சில மணி நேரத்தில் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. உங்கள் நண்பரை ட்விட்டரில் லட்சம் பேர் பின்தொடர்ந்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும்.

கேள்வி: என்ன இருந்தாலும் முகமூடி போட்டு எழுதுகிறவன் கோழைதானே ஐயா?

புள்ளியியல் படித்தவர்கள் எல்லோரும், சிறு மாதிரிகளின் சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டிருப்பார்கள். அதை 1908இல் வெளியிட்டவர் 'ஸ்டூடண்ட்' என்று கையெழுத்திட்டார். உள்ளே இருந்தவர் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடக் கம்பெனி விடாது. கணக்குச் சரியாக இருந்தது, அது போதுமாக இருந்தது. பிட்காயினை 2008இல் எழுதி வைத்துவிட்டுப் போன சதோஷி நகமோட்டோ யார் என்பது இன்றுவரை வெட்டவெளிச்சமாகவில்லை. அவருடைய கட்டுரையைப் படிக்க அது யாருக்கும் தடையாக இல்லை. வேலை, வீட்டுக்குள் அடி உதை, விரட்டும் முன்னாள் கணவன் என்று பெயரை மறைக்க ஆயிரம் காரணம் உண்டு. கோழைத்தனம் அதில் கடைசி.

அடுத்தவன் பெயரைத் திருடுவது வேறு கதை, அங்கே எனக்கு இரக்கம் கிடையாது. 2022 நவம்பரில் ட்விட்டர், 'இது அசல் கணக்கு' என்று காட்டிவந்த நீலக் குறியை மாதம் 8 டாலருக்கு விற்க ஆரம்பித்ததும், யாரோ எலி லில்லி மருந்துக் கம்பெனி பெயரில் கணக்குத் திறந்து, குறியை வாங்கி ஒட்டிக்கொண்டு, 'இன்சுலின் இனி இலவசம்' என்று அறிவித்தார்கள். அசல் கம்பெனி வந்து, அது நாங்கள் இல்லை என்று மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. புனைபெயர் யாரையும் ஏமாற்றுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய குறி ஏமாற்றியது.

கேள்வி: ஹைட்ரஜன் கார்தான் எதிர்காலம், பேட்டரி கார் சும்மா இடைக்கால ஏற்பாடு என்கிறான் என் தம்பி. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவே இரண்டாகிவிட்டது. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தீர்ப்புக்கு முன்னால் மீட்டரைப் பார்ப்போம். தண்ணீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்க இன்றைய கருவிகளுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் பிடிக்கிறது. அதைக் கார் டேங்கின் 700 பார் அழுத்தத்துக்கு ஏற்றி, குளிரவைத்து நிரப்ப மேலும் சில யூனிட். ஆக மொத்தம் 60 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 1 கிலோவுக்குள் இருப்பது 33 யூனிட் ஆற்றல்தான். காரில் இருக்கும் ஃபியூல் செல் அதில் பாதியை மின்சாரமாக்கும், மீதி சூடாகப் போய்விடும். இத்தனைக்கும் பிறகு கார் ஓடுவது சுமார் 100 கிலோமீட்டர். அதே அளவுள்ள பேட்டரி கார் 100 கிலோமீட்டருக்குச் சுவர் பிளக்கிலிருந்து இழுப்பது 18, 20 யூனிட். ஒரே தூரத்துக்கு மூன்று மடங்கு மின்சாரம்! மின்சாரம் எங்கே, எப்படித் தயாரானாலும் இந்த மூன்று மடங்கு அப்படியே நிற்கும்.

தம்பிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஹைட்ரஜனை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். அதை நம்பித்தான் டொயோட்டா 2014 இறுதியில் மிராய் காரைக் கொண்டுவந்தது. நிரப்புவதற்கு பங்க் வேண்டுமே, அங்கேதான் இடிக்கிறது. கலிஃபோர்னியாவில் கார்களுக்காக நடத்திவந்த ஹைட்ரஜன் பங்க்குகளை ஷெல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் ஒரேயடியாக மூடிவிட்டது. போதாக்குறைக்கு, இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. புகைபோக்கியில் தண்ணீர் சொட்டுவதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் ஆலைப் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை.

கார் விஷயத்தில் தம்பி தோற்றுவிட்டார். உரம், எஃகு என்று பேச்சைத் திருப்பச் சொல்லுங்கள், அங்கே ஜெயிப்பார். உரத்துக்கு மூலப்பொருளான அம்மோனியாவுக்கு ஹைட்ரஜனைத் தவிர வேறு வழியே இல்லை.

கேள்வி: தண்ணீரில் ஓடும் கார் கண்டுபிடித்தவரை எண்ணெய்க் கம்பெனிகள் தீர்த்துக்கட்டிவிட்டன என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே?

ஸ்டான்லி மேயரைச் சொல்கிறீர்கள். பணம் போட்ட இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். நிபுணர்கள் அவருடைய கருவியைச் சோதித்து, இதில் புதுமை எதுவும் இல்லை, மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் சாதாரண மின்பகுப்புதான் என்றார்கள். 1996இல் ஒஹையோ நீதிமன்றம் இது அப்பட்டமான மோசடி என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. 1998இல் அவர் இறந்தார். மூளை ரத்தக்குழாய் வீக்கம் என்பது பிரேதப் பரிசோதனை முடிவு. வீடியோக்காரர்கள் இரண்டாவது தேதியை மட்டும் சொல்வார்கள், முதலாவதை விழுங்கிவிடுவார்கள்.

தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பிறகு மிஞ்சும் சாம்பல். சாம்பலைத் திரும்ப விறகாக்க எவ்வளவு சக்தி செலவாகுமோ, அந்த விறகை எரித்தால் அதற்கு மேல் ஒரு துளிகூட வராது. நடுவில் வீணாவதையும் சேர்த்தால் எப்போதும் நஷ்டம்தான்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் மைலேஜைப் பாதியாக்கிவிடும் என்று ஒரு கூட்டம். எல்லாம் புரளி, ஒன்றுமே ஆகாது என்று இன்னொரு கூட்டம். யாரை நம்ப?

இரண்டு கூட்டத்தையும் நம்ப வேண்டாம், பெருக்கிப் பார்த்தால் போதும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. எனவே 10 சதவீதம் கலந்தால் சுமார் 3 சதவீதம் குறையும். 20 சதவீதம் கலந்தால் 6, 7 சதவீதம் குறையும். எத்தனாலுக்கு ஆக்டேன் (அழுத்தினாலும் முன்கூட்டியே தீப்பிடிக்காத தன்மை) அதிகம் என்பதால், அதற்கென்றே அழுத்த விகிதத்தைக் கூட்டி வடிவமைத்த எஞ்சினில் அந்த நஷ்டத்தில் கொஞ்சத்தை மீட்கலாம். பழைய எஞ்சினில் முடியாது. மைலேஜ் பாதியாகிவிட்டது என்கிறவர் டயரில் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கட்டும்.

உண்மையான தலைவலி மைலேஜ் இல்லை, தண்ணீர். ஆட்டோமொபைல் லேப்பில் மாணவர்களுக்கு நான் காட்டுவது இதுதான். 100 மில்லி அளவு ஜாடியில் 10 கோடு வரை தண்ணீர், மீதிக்கு எத்தனால் கலந்த பெட்ரோல். மூடிக் குலுக்கி வைத்தால், முதலில் ஜாடி முழுக்கப் பால் மாதிரி கலங்கும். சில நிமிடத்தில் தெளிந்து இரண்டு அடுக்காகப் பிரியும். இப்போது அடியில் இருக்கும் தண்ணீர் 10இல் நிற்காது. 10 சதவீதம் எத்தனால் என்றால் 18, 19 வரை ஏறியிருக்கும். எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது! மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி, உள்ளே ஈரம் சேர்ந்த டேங்கிலும் இதுதான் நடக்கும். அடியில் தங்கும் அந்தக் கலவையைத்தான் ஃபியூல் பம்ப் முதலில் உறிஞ்சும். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருமும். (வீட்டுச் சமையலறையில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்து அடுப்பு எவ்வளவு தூரம் என்றெல்லாம் கணக்குக் கிடையாது.)

இதோடு பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், கேஸ்கெட் எல்லாம் எத்தனால் பட்டால் ஊறி உப்பும், பிறகு விரிசல் விடும். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் வேறு ரகம், விலை ஒன்றும் பிரமாதமில்லை. பிரேசில் 1975இலேயே எத்தனால் திட்டத்தை ஆரம்பித்த நாடு. 2003இலிருந்து எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடும் கார்கள் அங்கே விற்பனையில் இருக்கின்றன. எஞ்சின் கணினி கலவையைக் கண்டுபிடித்துத் தானே அளவை மாற்றிக்கொள்ளும். ஆக எத்தனால் எஞ்சினைக் கொல்லும் என்பது பொய். எந்த எஞ்சினிலும் ஒன்றும் ஆகாது என்பதும் பொய். உங்கள் வண்டியின் கையேட்டில் எத்தனை சதவீதம் வரை என்று போட்டிருக்கும். விவாதத்தில் குதிக்குமுன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கேள்வி: டீசல் எஞ்சின் சமையல் எண்ணெயில் ஓடுமாமே?

1900 பாரிஸ் கண்காட்சியிலேயே கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் கால எஞ்சின் எதையும் தின்னும். இப்போதைய டீசல் இஞ்செக்டர் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஓட்டை வழியாகத் தெளிக்கிறது. கெட்டியான எண்ணெய் அதில் கரிபிடித்து அடைக்கும். மெத்தனாலோடு வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்து, பயோடீசலாக்கினால் ஓடும். நேரே ஊற்றினால் மெக்கானிக்குக்குத்தான் லாபம்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் ஓட்டுகிறவர்கள் நிலக்கரியில் ஓட்டுகிறார்கள், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. பேட்டரி தயாரிப்பதிலேயே நிறைய கார்பன் வெளியாகிறது என்பது உண்மை. புதிய எலெக்ட்ரிக் கார் அந்த வகையில் கடனோடுதான் ஷோரூமை விட்டு வருகிறது. தயாரிப்பு முதல் கழித்துக்கட்டுவது வரை எல்லாவற்றையும் கூட்டி ஐசிசிடி என்ற ஆய்வு நிறுவனம் 2021இல் ஒரு கணக்குப் போட்டது. பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவு, சீனாவில் 37 முதல் 45, நிலக்கரி அதிகம் எரியும் இந்தியாவில் 19 முதல் 34. எல்லா இடத்திலும் குறைவுதான், ஆனால் ஒரே மாதிரி இல்லை. 'பூஜ்யப் புகை' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களும் நிலக்கரிக் கார் என்று கேலி செய்கிறவர்களும் இந்த எண்களைச் சேர்ந்து படிக்கலாம்.

கேள்வி: பேட்டரிக்குள் காங்கோ குழந்தைகளின் ரத்தம் இருக்கிறது என்று போட்டால் உடனே 'நீ எண்ணெய்க் கம்பெனி ஆள்' என்கிறார்கள்.

உங்களைத் திட்டியது தப்பு. உலகின் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருகிறது, அங்கே சிறு சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பதிவான உண்மை. ஆனால் எல்லா பேட்டரியிலும் கோபால்ட் இல்லை. இரும்பு, பாஸ்பேட் கலந்த எல்எஃப்பி பேட்டரியில் அறவே கிடையாது, இன்று ஏராளமான கார்களில் இருப்பது அதுதான். அது அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழுவில் 1990களில் பிறந்தது. 97 வயதில் அவர் நோபல் பரிசு பெற்றபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியவர் ஆறுமுகம் மந்திரம். அவர் நம் மொழிக்காரர் என்பதை இந்தச் சாக்கில் சொல்லிக்கொள்கிறேன்.

கேள்வி: முதல் எலெக்ட்ரிக் காரைக் கொண்டுவந்தது டெஸ்லாதானே?

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய காரே எலெக்ட்ரிக்தான். 1899இல், பாரிஸுக்குப் பக்கத்தில், ஓட்டியவர் பெல்ஜியத்தின் காமில் ஜெனாட்ஸி. அப்போது பெட்ரோல் கார் வைத்திருந்தவன் ஒவ்வொரு தடவையும் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு காலி. 1912இல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது, அந்தச் சிரமம் தீர்ந்தது. பெட்ரோல் காரின் மானத்தைக் காப்பாற்றிய அந்த ஸ்டார்ட்டர், ஓர் எலெக்ட்ரிக் மோட்டார்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எந்தக் கார் வைத்திருக்கிறீர்கள்?

சொன்னால் அடுத்த மாதம் முழுக்க அதைப் பற்றித்தான் கடிதம் வரும். மேலே போட்ட கணக்குகளில் எது தப்பு என்று எழுதுங்கள், பெயர் போடாமல் எழுதினாலும் படிப்பேன்.